பின்பக்கம் ஏன் காலியாக இருக்கிறது?

சிற்பங்களின் புகைப்படம் போட்டு அச்சடிக்கப்படும் வாழ்த்து அட்டைகள் மீது எனக்கு இருக்கும் புகார் ஒன்றே ஒன்றுதான். அவற்றில் ஊர் பெயர் இருப்பதில்லை.

பொங்கலுக்கு நிறுவனங்கள் அனுப்பும் அட்டை, தீபாவளிக்கு நகைக்கடை தரும் அட்டை, புத்தாண்டு மாதக் காலண்டர், கல்யாணப் பத்திரிகையின் முகப்பு, காலை ஆறு மணிக்கே வாட்ஸப்பில் வந்து விழும் வணக்கம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கருப்புப் பின்னணியில் ஒரு நடராசர். கையில் கிளியோடு ஒரு பெண். முன்னங்கால் தூக்கிய ஒரு குதிரை. கீழே தங்க எழுத்தில் வாழ்த்து. அட்டையைத் திருப்பினால் அச்சகத்தின் பெயர், ஒரு கைபேசி எண், சில சமயம் விலை. அந்தச் சிற்பம் எந்த ஊரில், எந்தக் கோயிலில், எந்தத் தூணில் இருக்கிறது? படம் எடுத்தது யார்? கிடையாது. கொஞ்சம் மனசு வந்தால் 'பண்டைய சிற்பம்' என்று போடுவார்கள். ரொம்ப மனசு வந்தால் 'சோழர் காலச் சிற்பம்'.

"ஒரு வாழ்த்து அட்டைக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். கேட்கலாம். தமிழ்நாட்டில் சிற்பத்தைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படிப்பவர்கள் சொற்பம். அருங்காட்சியகம் போகிறவர்கள் அதைவிடச் சொற்பம். கோயிலுக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும் அவர்கள் போவது சாமி கும்பிட. தூணைப் பார்க்க அல்ல. சிற்பம் சிற்பமாக நம் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த அட்டை வழியாகத்தான். அந்த ஒரே வழியிலும் முகவரியைக் கிழித்துவிட்டு அனுப்பினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

*

திருவானைக்காவலை எடுத்துக்கொள்வோம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகும் 1-ஆம் நம்பர் பஸ் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பஸ்ஸிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு நேராக ரங்கநாதரிடம் போய்விடுவார்கள். இறங்கி ஜம்புகேஸ்வரர் கோயிலுக்குள் போகிறவர்களும் நீரில் இருக்கும் லிங்கத்தையும், அகிலாண்டேஸ்வரியின் தாடங்கத்தையும், உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி வந்து செய்யும் பூசையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

இந்தக் கோயிலின் தூண் ஒன்றில் ஏகபாத திரிமூர்த்தி இருக்கிறார். நடுவில் சிவன், ஒற்றைக்காலில். அவர் உடலின் ஒரு பக்கத்திலிருந்து பிரம்மாவும் மறு பக்கத்திலிருந்து திருமாலும் கிளைபோலப் பிரிந்து கைகூப்பி நிற்கிறார்கள். மூன்று உடல், தரையில் ஊன்றியது ஒரே கால். ரங்கநாதர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு சிவன் கோயிலில், திருமால் சிவனின் விலாவிலிருந்து புறப்படுவதுபோல ஒருவர் செதுக்கிவைத்திருக்கிறார். அதில் பக்தி இருக்கிறது, கற்பனை இருக்கிறது, கொஞ்சம் சண்டையும் இருக்கிறது. அந்தச் சண்டை புரிய வேண்டுமென்றால் அது திருவானைக்காவல் என்பது தெரிந்தாக வேண்டும். ஊரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'ஒற்றைக்காலில் நிற்கும் மூன்று சாமி' என்ற வேடிக்கைப் படம். இதே சிற்பம் 'ஸ்ரீரங்கம்' என்ற பெயரில் சுற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களா கோபப்படுவார்களா என்று தெரியவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த விஷயத்தில் நாம் இவ்வளவு மோசமில்லை. து. அ. கோபிநாத ராவ் 1914-இலும் 1916-இலும் வெளியிட்ட இந்து விக்கிரகவியல் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் மூன்று தகவல்கள்: மூர்த்தியின் பெயர், கல்லா செம்பா, எந்த ஊர். சில சொற்கள்தான், ஒரு வரிகூட முழுதாக வராது. அதற்கும் முன்னால், 1858-இல், சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்துத் தொகுப்புகளாக வெளியிட்டார். தொகுப்பின் தலைப்பிலேயே ஊர். அவர் வெள்ளைக்காரர், கம்பெனி ராணுவத்து ஆள், அவருடைய நோக்கங்கள் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். ஆனால் இன்றைக்கு ஒருவர் அந்தப் படத்தை எடுத்து, இது இன்ன கோயில், அப்போது இந்தச் சுவர் இப்படி இருந்தது என்று சொல்ல முடிகிறது. 2020-களில் பல வண்ணத்தில், பளபளக்கும் தாளில் அச்சான நம் அட்டையை வைத்துக்கொண்டு நூறு வருஷம் கழித்து ஒருவர் என்ன சொல்ல முடியும்? 'அந்தக் காலத்தில் அச்சு நன்றாக இருந்தது' என்று சொல்லலாம்.

*

'பண்டைய' என்ற சொல்லுக்கு வருவோம்.

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தின் குதிரைத் தூண்கள் அட்டைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தவை. முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், மேலே வீரர்கள், கீழே ஈட்டியோடு ஆட்கள், நடுவில் மாட்டிக்கொண்ட விலங்குகள். இவை விஜயநகர–நாயக்கர் காலத்து வேலை. அட்டையிலோ இவை சோழர் காலமாகிவிடும். தமிழ்நாட்டில் கல்லில் எது இருந்தாலும் அது சோழர், எந்தச் சோழர் என்று கேட்டால் ராஜராஜன், எத்தனை வருஷம் என்றால் ஆயிரம் என்று ஒரு வாய்ப்பாடு உருவாகிவிட்டது. பல்லவர், பாண்டியர், முத்தரையர், ஹொய்சளர், விஜயநகரத்தார், நாயக்கர் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் கரைந்துபோகிறார்கள். குதிரைமேல் இருக்கிற வீரனின் உடையும் ஆயுதமும் ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டின் போர் எப்படி நடந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதன்மேல் 'சோழர்' என்று ஒட்டிவிட்டால் அந்தக் குதிரை பொய் சொல்ல ஆரம்பிக்கிறது.

இன்னும் நல்ல உதாரணம், ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம். 236 அடி. 'பழம்பெருமை மிக்க தமிழர் கோபுரம்' என்ற வாழ்த்தோடு எத்தனையோ அட்டைகளில் வந்தாகிவிட்டது. அடித்தளம் பழையதுதான். ஆனால் நானூறு வருஷத்துக்கு மேல் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. மேலே உள்ள நிலைகள் எழுந்து கும்பாபிஷேகம் நடந்தது 1987-இல். அதாவது எங்கள் தலைமுறையின் வயசுதான் அதற்கு. ஊரிலிருந்தும் வெளியிலிருந்தும் பலர் பணம் கொடுத்துக் கட்டினார்கள். இளையராஜா ஒரு நிலைக்கான செலவை ஏற்றார். நம் காலத்தில், நமக்குத் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு ராஜகோபுரத்தைக் கட்டி முடித்தார்கள் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆண்டைப் போடாததால் அந்தச் செய்தி போய்விட்டது. 'பண்டைய' என்ற மூடுதுணியைப் போர்த்தியதும், இனிமேல் நாம் எதையும் கட்டத் தேவையில்லை, பார்த்துப் பெருமைப்பட்டால் போதும் என்ற சோம்பேறித்தனமும் கூடவே வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் தகவல் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் கொடுத்தது, எந்த ஊர் நிலம், எத்தனை விளக்கு, எவ்வளவு நெய் என்று பாறைமேல் வெட்டிவைத்தார்கள். செதுக்கிய சிற்பியின் பெயரை மட்டும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்; அது அவர்கள் கணக்கில் நிற்கும் பாக்கி. நாம் அந்தப் பாக்கியை அடைக்கவில்லை. ஊர், கோயில், காலம், படம் எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிட்டோம். படம் எடுத்தவருக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில் கொடுத்திருக்கிறது. அச்சகத்தின் பெயரைப் போட இடமிருக்கும் அட்டையில் அவர் பெயருக்கு மட்டும் எப்படி இடமில்லாமல் போகிறது?

*

இதுவரை சொன்னதை ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். அடுத்ததை ஒதுக்க முடியாது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். பூசை நின்று பூட்டிக்கிடந்த பிரகதீஸ்வரர் கோயில். 2006 வாக்கில் அங்கிருந்த செப்புத் திருமேனிகள் திருடு போயின. பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று 2008-இல் அதிகாரிகள் போய்க் கதவைத் திறந்தபோதுதான் திருட்டே தெரியவந்தது. அதே 2008-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றது நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர். சிலை எழுபதுகளின் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து வெளியேறிவிட்டது என்று பத்திரம் காட்டப்பட்டது.

அந்தப் பத்திரம் பொய் என்பதை நிரூபித்ததில் பெரும் பங்கு ஒரு புகைப்படத்துக்கு உண்டு. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆட்கள் பல பத்தாண்டுகளாகக் கிராமம் கிராமமாகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்து, ஊர் பெயரோடு கோப்பில் அடுக்கிவைத்திருந்தார்கள். 1994-இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்தில் அதே நடராசர் இருந்தார். எழுபதுகளில் நாட்டைவிட்டுப் போனவர் 1994-இல் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எப்படி நிற்பார்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் தில்லிக்கு வந்து அதை ஒப்படைத்தார். கூடவே சிட்னியில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் திரும்பினார். அது கல் சிற்பம். கோயில் மாடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கேயும் பழைய புகைப்படங்கள்தான் சாட்சி. உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

இந்தக் கதையில் நன்றாகக் கவனிக்க வேண்டியது, இரண்டு தரப்பிடமும் புகைப்படம் இருந்தது என்பதை. கடைக்காரரின் விற்பனைப் பட்டியலில் இருந்தது அழகான வண்ணப்படம், கருப்புப் பின்னணி, துல்லியமான விளக்கு. பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்தது சாதாரணப் படம், ஊர் பெயரோடு. ஜெயித்தது ஊர் பெயர்.

இப்போது நம் வாழ்த்து அட்டை இந்த இரண்டில் எதைப்போல இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். கருப்புப் பின்னணி சும்மா வருவதில்லை. பின்னால் இருக்கிற சுவரை, பக்கத்துத் தூணை, டியூப்லைட்டை, மின்சார வயரை, பெயின்ட்டில் எழுதிய எண்ணை எல்லாம் அழித்தால்தான் கருப்பு கிடைக்கும். அழிக்கப்படுவது ஒவ்வொன்றும் 'இது இங்கேதான் இருந்தது' என்று சொல்லக்கூடிய சாட்சி. திருடன் மறைக்க விரும்பும் அதே விஷயத்தை, திருட்டு எண்ணம் துளியும் இல்லாத ஒரு வடிவமைப்பாளர் அழகுக்காக மறைத்துக்கொடுக்கிறார்.

*

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம், ஊர் பெயர் போட்டால் திருடனுக்கு வழி சொன்னதாகிவிடும் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஸ்ரீபுரந்தான் திருடர்கள் யாரும் வாழ்த்து அட்டையைப் பார்த்துவிட்டு வரவில்லை. எந்தக் கோயில் பூட்டிக்கிடக்கிறது, எங்கே காவல் இல்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது பொதுமக்களுக்குத்தான். பத்தாயிரம் வீட்டில் இருக்கிற, ஊர் பெயர் போட்ட சிற்பத்தை விற்பது கஷ்டம். யாரும் கேள்விப்படாத சிற்பத்தை விற்பது சுலபம். ஆளே போகாத கோயிலின் செப்புத் திருமேனி என்றால், படத்தை அட்டையில் போடுவதற்கு முன்னால் அறநிலையத்துறையிடம் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டு தினமும் ஆயிரம் பேர் கடந்துபோகும் திருவானைக்காவல் தூணை ரகசியமாக வைப்பதில் என்ன பாதுகாப்பு?

இரண்டாவது, இடம் இல்லை என்பது. அந்த அட்டையை அனுப்பும் உறையின்மேல் நினைவுத் தபால்தலை ஒட்டினால், இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தத் தாளில் படம், இரண்டு மொழியில் பெயர், ஆண்டு, விலை எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கிற அட்டைக்கு முழுப் பின்பக்கமும் காலி.

மூன்றாவது, வாழ்த்து என்பது உணர்ச்சி, அதில் தகவலைத் திணித்தால் அழகு கெடும் என்பது. இதைச் சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாட்டியின் படத்தை யாரோ ஒருவர் எடுத்து, முகம் அழகாக இருக்கிறது என்று அட்டையில் போட்டு, 'பண்டைய பெண்மணி' என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினால் அது உணர்ச்சியா?

நான்காவது, யாரும் கேட்பதில்லை என்பது. கொடுத்தால்தானே கேட்பார்கள்! எண்பது, தொண்ணூறுகளில் ஜனவரி பிறந்தால் பெரிய கடை வீதி, தெப்பக்குளம் பக்கமெல்லாம் பொங்கல் வாழ்த்துக் கடைகள் முளைக்கும். ரஜினி அட்டை, கமல் அட்டை, மாடு பூட்டிய அட்டை, கட்சித் தலைவர் அட்டை என்று தேடித் தேடி வாங்கினார்கள். எந்தப் படத்து ரஜினி என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். பெயர் தெரிந்ததைத்தான் மனிதர்கள் நேசிப்பார்கள். பெயர் இல்லாத சிற்பத்தை அவர்கள் சட்டை செய்யவில்லை என்றால் குறை அவர்களிடம் இல்லை.

*

என் தொழில் மென்பொருள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம், அனுமதி கொடுத்திருந்தால் இடம்கூடப் பதிவாகிறது. அந்தப் படத்தை வாட்ஸப்பில் படமாக அனுப்பியவுடன் அந்தப் பதிவு உரிக்கப்படுகிறது. அந்தரங்கத்துக்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது, நல்லதுதான். ஆனால் விளைவு என்ன? படத்தின்மேல் எழுத்தாக எழுதிய ஊர் பெயர் மட்டும்தான் பத்துக் குழு தாண்டியும் உயிரோடு இருக்கும். நம் முன்னோர்கள் தகவலை ஓலையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் கல்லிலும் வெட்டியதுக்கு இருந்த அதே காரணம்தான். எங்கே அழியாதோ அங்கே எழுது.

தவிர, 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் சாதாரண ஆள் ஒரு தூணைப் படமெடுப்பது இனிமேல் கஷ்டம். ஏற்கெனவே எடுத்த படங்களும், அனுமதி வாங்கி எடுக்கிறவர்களின் படங்களும்தான் சுற்றப்போகின்றன. அவற்றில் ஊர் இல்லையென்றால் ஊரைக் கண்டுபிடிக்க வேறு வழியும் குறைகிறது.

இதற்கு நடுவில் செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்துவிட்டன. போன பொங்கலுக்கு உங்கள் குழுக்களில் வந்த கோயில் படங்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். எங்குமே இல்லாத கோபுரம், ஆறு விரல் உள்ள சிற்பம், எந்த மரபிலும் அடங்காத ஆயுதம் பிடித்த சாமி. அதற்கும் கீழே 'சோழர் கலைநயம்', அதற்கும் இருநூறு கைகூப்பு. பலருக்கு அது பொய் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? இத்தனை வருஷமாக ஊர் இல்லாத சிற்பங்களைத்தானே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஒவ்வொரு அட்டையிலும் 'ஜம்புகேஸ்வரர் கோயில், திருவானைக்காவல்' என்பதுபோல ஒரு வரி இருந்து பழகியிருந்தால், அந்த வரி இல்லாத படத்தைப் பார்த்ததும் 'இது எந்த ஊருப்பா?' என்று கேட்கத் தோன்றியிருக்கும். இயந்திரம் சொந்தமாக ஒரு ஊரைச் சொன்னாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். உண்மையான சிற்பத்துக்கும் பொய்யான சிற்பத்துக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே வேலி ஊர் பெயர். அதை நாமே பிடுங்கிப் போட்டுவிட்டோம்.

*

நான் கேட்பது நான்கு தகவல்கள். ஊர். கோயில். கோயிலுக்குள் எந்த இடம். யார், எந்த வருஷம் எடுத்த படம். காலம் உறுதியாகத் தெரிந்தால் போடுங்கள். தெரியாவிட்டால் சோழர் தலையில் கட்டாமல் விட்டுவிடுங்கள், அது பரவாயில்லை. இந்த நான்குக்கும் ஆகும் செலவு ஒரு வரி மை.

அட்டை அச்சடிக்கும் நிறுவனங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். படிக்கிற நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை சிற்பம் போட்ட அட்டையோ ஃபார்வர்டோ வந்தால், நன்றி சொல்வதற்கு முன்னால் 'எந்த ஊர்?' என்று கேளுங்கள். அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் தனக்கு அனுப்பியவரைக் கேட்பார். நாலு பேர் எரிச்சலடைவார்கள், ஐந்தாவது ஆள் தேடிப் பார்ப்பார். உங்களுக்கே ஊர் தெரிந்தால் பேனாவை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.